இல்லாத இடத்துக்கு ஒரு கிலோ பேடா

அட்டைப்பெட்டியிலிருந்து கசிந்த பேடாவின் ஏலக்காய் மணம் லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டி முழுவதும் பரவியதும், அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கல்யாண வீட்டுக்குப் போகிறவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததும், எதிரே என் அக்கா இசக்கி பேயறைந்தவள்போல இருந்ததும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து புனே பக்கம் தேஹு ரோடுக்கு வந்து, ராணுவக் கிடங்கு வேலையில் ஊன்றிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. அக்காவுக்குக் கோ-கோ என்றால் உயிர். கம்பத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு, உடம்பை மண்ணுக்கு ஒரு சாண் மேலே நீட்டிப் பாய்ந்து, ஓடுகிறவளின் குதிகாலைத் தொட்டுவிடுவாள். அதைப் 'போல் டைவ்' என்பார்கள். முழங்காலில் தோல் உரியாமல் அவள் வீடு திரும்பியதே கிடையாது. பன்னிரண்டாவது முடிந்ததும் அப்பா, "பொட்டப்புள்ள எம்புட்டு நாளு மண்ணுல பொரளுவா? பாளையங்கோட்டையில பெரியப்பா வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்று சொல்லி ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். அங்கே போனால் கோ-கோவுக்குத் தலைமுழுக்குத்தான்.

அந்தச் சமயம் பார்த்து அணித் தலைவி வைஷாலி, நகரத்துக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் தன்னைக் கூப்பிட்டுவிட்டார், கட்டணம்கூடக் கிடையாது என்று மைதானத்தில் பெருமையடித்தாள். அவளுக்கு நான் சளைத்தவளா என்று அக்காவுக்கு ரோஷம் பாதி, பாளையங்கோட்டை பயம் பாதி. என்னையும்தான் கூப்பிட்டார் என்று அக்காவும் அளந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் செய்தி 'குவார்ட்டர்ஸ்' முழுக்கப் பரவியது. புனேக்காரர்கள் நல்ல சேதி கேட்டால் வாழ்த்துவதற்கு முன்பு, 'பேடே குடே?', அதாவது பேடா எங்கே என்று கையை நீட்டுவார்கள். சிரித்தே நான் பார்த்திராத அப்பா, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, கிடங்கு முழுக்கப் பல் தெரியச் சிரித்தபடி பேடா கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு அக்காவுக்கு உண்மை சொல்ல நா எழவில்லை.

அம்மா அதோடு விட்டிருக்கலாம். "ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு, எடங்குடுத்த மனுசனுக்கு ஒரு வாயி குடுக்காண்டாமாட்டி?" என்று ஒரு கிலோ பேடா வாங்கிக்கொண்டு, என்னையும் வைஷாலியையும்கூடச் சேர்த்து இழுத்துக்கொண்டு அந்தக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். ரயிலின் கதவோரத்தில் நின்று அக்கா, நான் சொன்னது பொய், நீதான் அந்தப் பயிற்சியாளர் ஸரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று வைஷாலியிடம் ஹிந்தியில் கெஞ்சினாள். வைஷாலி அழ ஆரம்பித்தாள். அவள் சொன்னதும் பொய்தானாம்!

கல்லூரி மைதானத்தில் செம்மண் புழுதி பறக்க ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மீசை வைத்த ஸர் ஒருவர் விசிலோடு நின்றார். அம்மா நேரே போய் அவர் கையில் பேடாவை வைத்தாள். நீட்டிய பேடாவை மறுப்பது அங்கே மரியாதை இல்லை; வாயில் போட்டுக்கொண்டு அப்புறம்தான், எதற்கு என்று கேட்டார். "ஹமாரா லடுக்கி, ஆப் லியா, பகுத் தேங்க்ஸ்!" என்று பெண்ணைச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னாள் அம்மா.

ஸர் முழித்தார். அக்கா ஓரடி முன்னால் வந்து, தலையை நிமிர்த்திக்கொண்டே, நாங்கள் இரண்டு பேரும் பொய் சொன்னோம் என்று மராட்டியில் சொன்னாள். அவர் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். "பேடா தோ கா லியா" என்றார். தின்றாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்கிற மாதிரி தலையைச் சொறிந்துவிட்டு, இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிக் காட்டுங்கள் என்றார்.

கல்லூரி அணியின் வேகமான ஓட்டக்காரி அக்காவிடமிருந்து தப்பிக் கம்பத்தைச் சுற்றினாள். அக்கா கம்பத்தைப் பிடித்து ஒரே பாய்ச்சல்! புழுதி அடங்கியபோது அவள் விரல் அந்தக் குதிகாலின் மேல் இருந்தது. அடுத்து வைஷாலி ஓடினாள்; அந்த அணி முழுக்கத் துரத்தியும், விசில் அடிக்கும்வரை அவளை ஒருத்தியாலும் தொட முடியவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஸர் பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு பேடாவை அவரே எடுத்துக் கொடுத்தார். அட்மிஷனுக்கு அப்பாவை அழைத்து வரச் சொன்னார்.

திரும்பும்போது ரயிலில் அம்மா, அக்காவின் முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு, "சேத்துக்கிட்டவரு எதுக்குட்டி மறுபடி ஆடச் சொல்லுதாரு? எனக்கு மராட்டி தெரியாதுன்னா நெனச்ச? பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதும்பாவ. உனக்கு பேடாவே கெடைச்சிருக்கு. இனிமே சொன்ன, கால ஒடிச்சிருவேன்" என்றாள். அப்பாவிடம் அவள் மூச்சு விடவில்லை.

இன்று அந்தச் செம்மண் மைதானம் இல்லை, வண்டிகள் நிறுத்துகிறார்கள். கோ-கோ இப்போது ரப்பர் விரிப்பில் நடக்கிறது, முழங்காலும் அவ்வளவாக உரிவதில்லை. புனேயின் கோந்த்வாவில் ஒரு கல்லூரிக்கு இசக்கிதான் பயிற்சியாளர். அணித் தேர்வே நடக்காதபோது 'செலக்ட் ஆகிவிட்டேன்' என்று வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போடும் பெண்கள் வருஷத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். அக்கா திட்டுவதில்லை. 'பேடே குடே?' என்று மட்டும் பதில் போடுவாள். போன வாரம் அப்படி ஒருத்தி பேடா பெட்டியோடு வந்து நின்றாள். அக்கா ஒரு பேடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றடி என்று விசிலை எடுத்தாள்.