மில்லுக்கு வாங்கிய பியூஸ்

மாத்தளையில் கார் வயரிங் வேலை செய்கிறவனுக்குச் சொந்தக்காரர்களே இருக்கக் கூடாது. இருந்தாலும் அவர்கள் மின்சாரக் கார் வாங்கக் கூடாது. என் மச்சான், அதாவது மூத்த சகோதரி ராத்தாவின் கணவர், வாங்கினார். வாங்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழுதான பிறகு மட்டும் நான் நினைவுக்கு வந்தேன்.

கார் என்னவோ ராத்தாவுக்குத்தான். இரத்தோட்டைக்கு மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு டீச்சர். பக்கத்துத் தெரு டீச்சர்மார் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு தினமும் அந்த ஏற்றத்தில் போய் வருவார். பெரிய மழை பெய்த ஒரு நாள், வீதியில் நின்ற தண்ணீரில் இறங்கி ஏறிய கார் சட்டென்று நின்றுவிட்டது. இழுத்துவந்து என் கராஜில் போட்டார்கள்.

அடியில் ஒரு கனெக்டருக்குள் தண்ணீர் போய் ஷோர்ட் ஆகியிருந்தது. அதனால் பெட்டரியின் மெயின் பியூஸ் எரிந்துவிட்டது. பாவம், அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. கனெக்டரை மாற்றிவிட்டேன். ஆனால் இந்தக் காருக்கான பியூஸ் மாத்தளையில் ஒரு கடையிலும் கிடையாது. கொழும்பில் சொல்லிவைத்தேன், இரண்டு கிழமை ஆகும் என்றார்கள்.

மச்சானுக்கு நாலந்தாப் பக்கம் மிளகாய்த்தூள் அரைக்கிற மில் இருக்கிறது. அங்கே பியூஸ் போனால் ஒரு கம்பியைச் சுற்றிவிட்டு அடுத்த மூட்டையைக் கொட்டுவார்கள். அவருக்கு உலகத்திலுள்ள எல்லா பியூஸும் ஒன்றுதான். மறுநாளே மில்லிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் பியூஸை எடுத்துக்கொண்டு வந்து, அதில் எழுதியிருந்த இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டி என்னிடம் கேட்டார்.

"இதுலயும் அதே ஆம்பியர்தானே போட்டிருக்கு மச்சான்?"

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். மில்லுக்கு வருகிற கரண்ட் முன்னும் பின்னும் ஓடுவது, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு கணம் அற்றுப்போகும், பியூஸ் உருகினால் தீப்பொறி அந்த இடத்திலேயே அணைந்துவிடும் என்றேன். கார் பெட்டரியில் அப்படி இல்லை, நானூறு வோல்ட் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும், இந்த பியூஸ் உருகினாலும் தீப்பொறி இடைவெளியைத் தாண்டி எரிந்துகொண்டே நிற்கும், கடைசியில் வெடிக்கும், அதுவும் பின் சீற்றுக்கு அடியில் என்றேன். கடதாசியில் படம் வரைந்தேன். மச்சான் பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, அப்படியென்றால் ஒரு கம்பியையாவது போட்டுத் தரச் சொன்னார்.

இப்படியே ஒரு கிழமை போனது. தினமும் வருவார், தினமும் அதே பியூஸ், அதே ஆம்பியர். எனக்கு வெறுத்துப்போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, முகம் மட்டும் தெரிந்த ஒருவர் என்னை நிறுத்தி, ஒரு பியூஸ் மாற்ற இவ்வளவு நாளா என்று விசாரித்தார். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்ததற்குக் கிடைத்த மரியாதை அது.

அடுத்த புதன்கிழமை ஒரு லொறி வேலைக்காகத் தம்புள்ளைக்குப் போயிருந்தேன். வியாழன் காலை வந்து கராஜைத் திறந்தால், வெளியே நிறுத்திவைத்திருந்த காரைக் காணவில்லை. முந்திய நாள் மச்சான், மில் மெஷின்களைத் திருத்துகிற மில் பாஸைக் கூட்டிக்கொண்டு வந்து ஏதோ பொருத்திப் பூட்டினாராம், பிறகு ஓட்டிக்கொண்டு போனாராம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். மச்சானுக்குக் கோல் எடுத்தேன். கார் அழகாக ஓடுகிறது, ராத்தா ஸ்கூலுக்குக் கொண்டு போய்விட்டார் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். பேசியிருந்தால் இன்று வரைக்கும் உறவு இருந்திருக்காது.

ராத்தா ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வழி முழுக்க ஒவ்வொரு வளைவிலும் புகை தெரிகிறதா என்று பார்த்தேன். மச்சானைத் திட்டினேன், மில் பாஸைத் திட்டினேன்.

கார் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. உதிரிச் சாவி என்னிடம் இருந்தது. ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு பின் சீற்றைத் தூக்கி, பெட்டரி இணைப்பைத் துண்டிக்கிற பிளக்கை இழுத்துக் கழற்றினேன். உள்ளே அந்த வெள்ளை பியூஸ். நீளம் போதாமல் ஒரு செம்புத் தகட்டை வைத்து, ஓட்டையை அரத்தால் ராவிப் பூட்டியிருந்தார்கள். அதைக் கழற்றும்போது ராத்தா வந்துவிட்டார், கையில் சோக்கோடு.

நான் அவர்மேல் பாய்ந்தேன். உயிரோடு விளையாடுகிறீர்களா, எத்தனை முறை சொன்னேன், இரண்டு டீச்சர்மாரை வேறு ஏற்றிக்கொண்டு, என்று மூச்சு விடாமல் கத்தினேன். நான் முடித்ததும் அவர் கேட்டார்.

"காரு ஓட்டுறது நான். ஒரு கிழமையா நீ அவரோடதானே சண்டை போட்ட. எனக்கு என்ன சொன்ன?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் கிழமை இரண்டு முறை ராத்தா வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அவர்தான் சோறு போட்டார். கார் விஷயத்தை மச்சானிடம் பேசுவதுதான் எங்கள் வீட்டு முறை. அவருக்குச் சொன்னால் ராத்தாவுக்கும் சொன்னதாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

"இப்ப சொல்லு" என்றார்.

சொன்னேன். மச்சானிடம் சொன்னதைத்தான், படம் இல்லாமல். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் என் கையிலிருந்த பியூஸை வாங்கிப் பார்த்தார். மற்ற டீச்சர்மாரிடம் பின்னேரம் பஸ்ஸில் போகலாம் என்று சொல்லத் திரும்பி நடந்தார்.