பதினொரு மாதத்துப் பெட்டி

ரெம்மருக்கு எதையும் சட்டென்று வாங்கத் தெரியாது. ஜெர்மனியின் லேர் ஊர்க் கடைகளின் தராசுகளையும் பெட்ரோல் பம்புகளையும் சோதித்து முத்திரை குத்துவது அவன் வேலை. இருபத்தாறு வருடம் கிராம் கிராமாகப் பிழை பிடித்தவன் வீட்டில் மட்டும் வேறு மாதிரியா இருப்பான்? ஒரு வாஷிங் மெஷினைத் தேர்ந்தெடுக்க ஒரு கோடைகாலம் முழுவதையும் எடுத்துக்கொண்டான். அதுவரை அவன் மனைவி இம்கெ துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தங்கை ஃபென்னாவின் வீட்டுக்குப் போய்த் துவைத்து வந்தாள். "என்னைக் கட்டிக்கவே ஏழு வருஷம் யோசிச்ச ஆளு. மெஷின் சீக்கிரம் வந்துட்டா எனக்குத்தான் அவமானம்" என்று அங்கே தேநீர் குடித்தபடி சிரிப்பாள்.

அந்த இம்கெவுக்குத்தான் நரம்பு நோய் வந்தது. முதலில் கால்கள் போயின. அடுத்து பேச்சும் போய்விடும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தினமும் காலையில் ரெம்மர் வேலைக்குக் கிளம்பியதும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, அவனுக்காகப் பேசிப் பதிவுசெய்தாள். நாற்பத்து மூன்று பதிவுகள். எல்லாம் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தன. அதை அவனிடம் கொடுத்தபோதே அவளுக்கு நாக்குக் குழறியது. "எல்லாம் உனக்குத்தான். கேளு" என்றாள்.

கேட்டிருக்கலாம். ஆனால் டிஸ்குக்கு ஒன்பது வயது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து என்று ரெம்மர் பயந்தான். முதலில் அந்தக் குரலுக்குப் பத்திரமான ஓர் இடம் வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். பதிவுகளை நான்கு டிஸ்குகளில் பிரதியெடுத்துக் காக்கும் ஒரு சர்வர் பெட்டியை வீட்டிலேயே தன் கையால் கட்டுவது என்று முடிவெடுத்தான். டிஸ்கைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தான்.

பிறகு ஆரம்பித்தது தேர்வு. பதிவில் ஒரு துளிகூடக் கெட்டுவிடக் கூடாது. ஆகவே பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் மெமரிதான் வேண்டும். அந்த மெமரியை ஏற்கும் மதர்போர்டு கிடைத்தால், அதற்குப் பொருந்தும் பிராசஸர் மின்சாரத்தைக் குடித்தது. சிக்கனமான பிராசஸர் கிடைத்தால், போர்டில் நான்கு டிஸ்க் மாட்ட இடமில்லை. பெட்டி படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கப்போகிறது, ஃபேன் சத்தத்தில் இம்கெ விழித்துவிடக் கூடாது. இணையத்தில் இதைப் பற்றிப் பேசவென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. நல்ல மனிதர்கள்தான், ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொண்டால், எந்நேரமும் மழை கொட்டும் லேரில்கூட அன்றைக்கு வெயில் அடிக்கும். அவன் கேட்ட ஒரு கேள்விக்கு நூற்று முப்பது பதில்கள் வந்தன. நான்கு டிஸ்கையும் ஒரே கடையில் வாங்கினால் நான்கும் சேர்ந்தே சாகும் என்று ஒருவர் கிளப்பிவிட, நான்கு ஊர்களிலிருந்து வரவழைத்தான். அதில் ஒன்று வந்து சேர ஆறு வாரம் ஆனது.

ஃபென்னா பொறுக்கமாட்டாமல், "இப்போதைக்கு ஒரு பென் டிரைவ்லயாவது காப்பி எடுத்து வையேன்" என்றாள். பென் டிரைவை நம்பக் கூடாது என்றான் ரெம்மர். அவன் சொன்னது சரிதான். சரியாக இருந்து என்ன புண்ணியம்?

பதினொரு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் இம்கெவின் பேச்சு முழுவதும் நின்றுபோனது. எழுத்துப் பலகையில் அவன் விரலை நகர்த்துவான். வேண்டிய எழுத்து வந்ததும் அவள் இமையை மூடுவாள்.

பிப்ரவரியில் பெட்டி தயாரானது. அருமையான பெட்டி, பக்கத்தில் காதை வைத்தால்கூடச் சத்தம் கேட்காது. காலுறையிலிருந்து பழைய டிஸ்கை எடுத்து மாட்டினான். டிக், டிக் என்றது. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். டிக், டிக். இப்படிப்பட்ட டிஸ்குகளைத் திறந்து பார்க்கும் நிபுணர்களுக்கு அனுப்பினான். உள்ளே தகடு முழுவதும் சுரண்டிப்போயிருக்கிறது, ஒன்றும் தேறாது என்று கடிதம் வந்தது.

இம்கெவிடம் அவன் சொல்லவில்லை. ஐந்து வாரம், கோப்பையில் கற்கண்டைப் போட்டுத் தேநீரை ஊற்றும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்து அப்படியே விழுங்கிக்கொண்டான். வெட்கமும் பயமும் அவனைப் பிடுங்கித் தின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே பலகையைப் பார்த்தாள். அவள் காட்டிய எழுத்துகளை அவன் தாளில் எழுதிச் சேர்த்தான்.

"நான் பேசினதுல எது புடிச்சுது?"

ரெம்மர் அதுவரை பொய்யே சொல்லாதவன். அன்றைக்குச் சொன்னான். "போர்க்கும் தீவுக்குப் போறப்போ கப்பல் அந்த ஆட்டம் ஆடிச்சே, நீ என் தொப்பியில வாந்தி எடுத்தியே... அதைச் சொல்லியிருந்த பாரு, அதுதான்."

இம்கெ பலகைக்குக் கண்ணைத் திருப்பினாள்.

"அதை நான் சொல்லலை."

பென்சில் கீழே விழுந்தது. அவன் உடைந்து அழுதான். டிஸ்க் செத்ததையும், கடிதம் வந்ததையும், ஐந்து வாரம் மறைத்ததையும் கொட்டித் தீர்த்தான். அவள் கண் கலங்கியது; ஆனால் பலகையை விட்டு அகலவில்லை. அவன் பென்சிலைத் தேடி எடுத்தான். முதல் சொல் வந்தபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் முடிக்கும்வரை விரலை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

"ஒண்ணுகூடக் கேக்கலையா?"

"இல்ல, இம்கெ" என்றான். "ஒண்ணுகூட."