தூளி கட்டியிருந்த பீம்

சின்னவனே, நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஓசூரில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனிகள் பெருகி, வாடகைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். மேலே வீட்டுக்காரர். எங்கள் நடு அறையின் குறுக்கே ஒரு கான்கிரீட் பீம். அதன் கொக்கியில்தான் உன் தூளி தொங்கியது.

பீமின் அடியில் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடியது. வீட்டுக்காரர் சிமெண்ட் பூசி, சுண்ணாம்பும் அடித்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்குள் அதே இடத்தில் விரிசல், ஓரத்தில் காவிக்கறை. குழாய் ஒழுகுகிறது என்றால் நாள் கடத்துகிறவர், இதற்கு மட்டும் கூப்பிடாமலே பூச்சுக் கரண்டியோடு வந்து நின்றார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

நான் படித்தது பத்தாவதுதான். ஆனால் மழையில் கிடந்த இரும்பைக் கம்பெனியில் நிறையப் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்தால் அடுக்கடுக்காக வீங்கும். வெளியில் கிடந்தால் செதிலாக உதிர்ந்துவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு வீங்க இடமேது? சுற்றியுள்ளதை நெட்டிப் பிளக்கும். பிளவு வழியே இன்னும் ஈரம் இறங்கும், இன்னும் துரு. பாரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டிய கம்பி உள்ளே மெலிந்துகொண்டே போகும். மேல்பூச்சு அதை மறைக்கும், நிறுத்தாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டேன். "அய்யா, உங்க பாத்ரூம் தண்ணி இதுக்குள்ள இறங்குதுங்களா? கம்பி துருப்புடிச்சிருக்குமோன்னு..."

"ஏம்பா, கம்பெனில பீஸ ரிஜெக்ட் பண்ற பழக்கத்துல என் வீட்டையும் ரிஜெக்ட் பண்றியா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர். "யானையே வந்து நின்னாலும் தாங்கும். பயப்படாம தூங்கு."

"யானை ஜவளகிரிக் காட்டுலயே இருக்கட்டுங்க. எங்களுக்குக் கொழந்த தூங்கணும்" என்றாள் உங்கள் அம்மா.

அவர் மேலே போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எங்கள் தலைக்கு மேல் கரகரவென்று எதையோ இழுக்கும் சத்தம். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன அம்மா, வழியில் அவர்கள் வீட்டுக்குள் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கி வந்தாள்.

"பீமுக்கு நேர் மேல இருந்த பீரோவ அந்தப் பக்கச் செவுத்தோரம் தள்ளிட்டாங்க. கட்டிலயுந்தான். தாங்கும்னு சொன்னவரு எதுக்குங்க நகத்துறாரு?"

 தூங்கிக்கொண்டிருந்த உன்னைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறித் தூளியை அவிழ்த்தேன். வேறு வீடு கிடைக்கும்வரை நாம் எல்லோரும் சமையலறையில்தான் படுத்தோம்.