நாங்கள் முதலாளிகள் ஆன காரணம்

விவசாயிகளின் கண்ணீரைத் துடைக்கவே கம்பெனி தொடங்கினோம் என்று கல்லூரி மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கினேன். நடந்தது வேறு. வேலைக்கு ஆளெடுக்கும் வளாகத் தேர்வில் என்னையும் என் அறைத்தோழனையும் ஒரே காலையில் வெளியே அனுப்பிவிட்டார்கள். தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னதற்கு அவன் ஊர்ப் பெயரோடு நின்றுபோனான். ஊர் எப்போதும்வென்றான். தேர்வு நடத்தியவர் அதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

கோவில்பட்டி பஸ் நிலையத்தில் இறங்கினோம். இறங்கியதும் அவன் சொன்னான்: "ஏலே, நாமளே கம்பெனி ஆரம்பிப்போம். நாமளும் நாலு பேர உக்கார வச்சுக் கேள்வி கேக்கணும்லே."

என்ன கம்பெனி என்று அதற்குப் பிறகுதான் யோசித்தோம். அவன் வீட்டில் ஆடுகள் இருந்தன. ஆகவே, படம் பிடித்தால் ஆட்டின் எடையைச் சொல்லும் செயலி. தொழில் தொடங்கும் மாணவர்கள் வகுப்புக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்று துறைத்தலைவர் அறிவித்ததும் எங்கள் லட்சியம் மேலும் உறுதிப்பட்டது.

செயலி அரைகுறையாக இருக்கும்போதே விசிட்டிங் கார்டு அடித்தோம். உடனே ஆள் எடுக்க எங்கள் மாடி அறையில் நேர்முகத் தேர்வு. வந்தது ஒரே ஒருத்தி; நாகலாபுரத்துக்காரி, எங்களுக்கு ஓராண்டு இளையவள். தோழன் ஆங்கிலத்தில் கேட்டான். அவள் சரளமாகப் பதில் சொல்லிவிட்டு, "அண்ணே, அந்த ஆப்ப காட்டுங்க" என்றாள். மாடியிலிருந்தே தெருவில் நின்ற ஆட்டைப் படம் பிடித்தாள். நானூறு கிலோ என்றது.

"இம்புட்டுக் கனத்த ஆட்ட எங்கன வளக்குதீங்க?"

தோழன் போனை வாங்கித் திரையைத் துடைத்தான். அவளே தொடர்ந்தாள்: "பக்கத்துல அளவு தெரிஞ்ச கம்பு ஒண்ணு வச்சுப் படம் எடுத்தா ஓரளவு சரியா வரும். நான் எழுதித் தாரேன்."

"எங்ககிட்ட ஏன் சேரணும்னு நெனைக்கே?" என்றேன், முதலாளித் தோரணையில்.

"வீட்ல மாப்பிள்ள பாக்காவ. வேலைல இருக்கேன்னு சொல்ல ஒரு கம்பெனி வேணும்லாண்ணே."

எங்கள் மூவரில் கேட்டதும் உண்மையான காரணத்தைச் சொன்னவள் அவள்தான். நான் சென்னையில் வேலை கிடைத்ததும் ஓடிவிட்டேன். கம்பு வைத்து அவள் எழுதியதுதான் செயலியில் ஓடுகிறது; இப்போது கம்பெனியும் அவளுடையது. கல்யாணப் பேச்சு தள்ளிக்கொண்டே போகிறது. தோழன் அவளிடம் சம்பளத்துக்கு இருக்கிறான். சனிக்கிழமைகளில் எட்டயபுரம் சந்தைக்குப் போய்ச் செயலியை விளக்குகிறான். வியாபாரிகள் ஆட்டை லேசாகத் தூக்கிப் பார்த்து எடையைச் சொல்லிவிட்டு, "இப்ப ஒம் போனு என்ன சொல்லுது தம்பி?" என்று கேட்கிறார்களாம். ஒத்துப்போனால், போனைப் பாராட்டுகிறார்களாம்.