கலக்கக் கூடாத பீப்பா

என்னுடைய 1994ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு நேரே நான்கு சொற்கள் இருக்கின்றன: "பிற்றர். கலங்கல். திருப்பிக் கொடுத்தேன்." அடுத்த சனிக்கிழமையும் அதே நான்கு சொற்கள். மூன்றாவது சனிக்கிழமை "திருப்பி" என்பதன் கீழே ஒரு கோடு கீறியிருக்கிறேன். நான் எதற்கும் எளிதில் கோடு கீறுகிறவள் அல்ல.

பிற்றர் என்பது ஒருவகை ஆங்கிலேய பியர். பெயருக்கே கைப்பு என்றுதான் பொருள். பத்தொன்பது வயதில் தாதியாகப் படிக்க வட இங்கிலாந்தின் ஓர் ஆலை நகரத்துக்குப் போனேன். படிப்பும் வேலையுமாக அங்கேயே இருபத்திரண்டு வருடம் இருந்தேன். நாற்பத்தோராவது வயதில் கல்யாணம் செய்து ரொறன்ரோவுக்கு வந்தேன். ஊர் நினைவு வருவதில்லையா என்று நாங்கள் குடியிருந்த ஸ்காபரோவில் என்னைக் கேட்காத தமிழர் இல்லை. வருகிறது. ஆனால் அவர்கள் கேட்கும் ஊர் வேறு, எனக்கு நினைவு வரும் ஊர் வேறு. அங்கே பிறக்கவில்லை என்பதற்காக ஒரு நகரத்துக்கு ஏங்கும் உரிமை எனக்கு இல்லையென்று யாரும் சொல்லத் தேவையில்லை. சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

அந்த நகரத்துப் பிற்றர் அடுத்த பள்ளத்தாக்கில் வடிக்கப்பட்டது. இருபது மைல் தாண்டினால் அந்தப் பெயரே யாருக்கும் தெரியாது. பகல் வேலை முடிந்ததும் எங்கள் வார்ட் சிஸ்ரர், அதாவது தலைமைத் தாதி, ஐம்பத்தைந்து வயதுப் பெண், எங்களைப் பப்புக்குக் கூட்டிப் போவார். பைன்ற் என்பது அரை லீற்றருக்குச் சற்றுக் கூடிய ஒரு கிளாஸ்; பெண்களுக்கு அரைப் பைன்ற்தான் வார்ப்பது அங்கே வழக்கம். வார்ட் சிஸ்ரர் முழுப் பைன்ற் கேட்பார். வாங்கியதும் குடிக்க மாட்டார். யன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். கிளாஸின் மறுபுறத்தில் தெருப்பலகை எழுத்து தெரிந்தால் குடிப்பார். தெரியாவிட்டால் ஒரு சொல்லும் பேசாமல் திருப்பிக் கொடுப்பார். அவர்களும் ஒரு சொல்லும் பேசாமல் வேறு வார்த்துத் தருவார்கள். வார்ட்டிலே போத்தல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுதானே எங்கள் வேலை. அந்தப் பழக்கம் எனக்கு உடனே பிடிபட்டது.

ரொறன்ரோவுக்கு வந்து ஐந்து வருடம் நான் பியர் தொடவில்லை. இங்கே எல்லோரும் குடிப்பது பல் கூசும் குளிரில், வாயு அடைத்து, கண்ணாடி போல மினுங்கும் ஒரு மஞ்சள் தண்ணீர். அதில் குறை கண்டுபிடிக்கவும் முடியாது. குறை இருக்க ஏதாவது இருக்க வேண்டுமே.

ஒரு நாள் ஸ்காபரோவில் பிளாசாக் கடைத்தொகுதி ஒன்றில், உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே இருந்த பப்பின் கண்ணாடிக்கு உள்ளே ஒரு கைப்பம்பைக் கண்டேன். நீண்ட மரப்பிடி, வெண்கலப் பூண். வாயுவால் தள்ளாமல், கையால் இழுத்து, பீப்பாவில் இருந்து வார்க்கும் பம்பு. காருக்குள் இருந்த கணவரிடம் சொன்னேன்.

"உள்ளுக்குப் போகப் போறீரோ?" என்றார்.

"ஓம்."

"நான் இதிலை நிக்கிறன். பேப்பர் வாசிக்கக் கிடக்கு."

அவர் மது தொடாதவர். என்னைத் தடுக்கவும் மாட்டார், என்னோடு வரவும் மாட்டார். வாகனத் தரிப்பிடத்தில், தோய்க்கும் கடைக்கு நேரே காரை நிறுத்துவார், அங்கே வந்தவர் போலத் தெரியட்டும் என்று. பின் சீற்றில் ஒரு தலையணை உறையில் பழைய துணி அடைத்து வைத்திருந்தார். ஐந்து கிழமையும் அது ஒரே துணி.

பப்பின் முதலாளி சைப்பிரஸ்காரர். இங்கிலாந்தைக் கண்டதே இல்லை. சுவரில் இருந்த குதிரைப் படங்களையும் நாய்ப் படங்களையும் கைப்பம்பையும் பப்போடு சேர்த்து வாங்கியவர். மேற்கே ஒரு சிற்றூரில் இருந்து பீப்பா வந்தது. அங்கே யாரோ ஒருவருக்கு வடிக்கத் தெரிந்திருந்தது. முதல் வாயிலேயே அது எனக்கு விளங்கியது. கைப்பு நாக்கின் பின்புறத்தில் சரியான இடத்தில் வந்து நின்றது. ஆனால் அதற்கு முன்னே புளிப்பும், புளித்த மாவின் வாசமும் வந்தன. யன்னலில் பிடித்தேன். அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது.

திருப்பிக் கொடுத்தேன்.

"ஆங்கிலேய பியர் அப்படித்தான் இருக்கும், அம்மா," என்றார் முதலாளி. "கொஞ்சம் கைக்கும். உங்களுக்கு இனிப்பாக ஏதாவது தரட்டுமா?"

"இது கைப்பு இல்லை, புளிப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இது கலங்கியும் இருக்கிறது."

"உங்கள் நாட்டில் எப்படியோ எனக்குத் தெரியாது…"

"நான் சொல்வது இங்கிலாந்தைப் பற்றி."

அவர் சிரித்தார். நான் முழு விலையையும் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை ஒரு சமையல் வெப்பமானியை வாங்கிக் கைப்பையில் கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வெப்பமானி அல்ல. அப்படி ஒரு கதை பின்னர் உலாவியதால் இங்கே எழுதி வைக்கிறேன். பன்னிரண்டு பாகை. குளிர் சரி. அப்படியென்றால் பிழை பீப்பாவிடமும் இல்லை, நிலவறையிடமும் இல்லை. கையிடம்தான்.

ஐந்தாவது சனிக்கிழமை முதலாளி கிளாஸைத் திருப்பி வாங்கவில்லை. "இந்த மாதத்தோடு பம்பைக் கழற்றப் போகிறேன்," என்றார். "ஒரு பீப்பா முடிய மூன்று கிழமை எடுக்கிறது. இதைக் கேட்கிறவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் குடிப்பதில்லை."

மூன்று கிழமை! குழாய் அடித்துத் திறந்த பீப்பாவுக்கு ஆயுள் நான்கு நாள். புளித்ததன் காரணம் விளங்கியது. கலங்கலின் காரணம்தான் விளங்கவில்லை. ரொறன்ரோவின் இந்தக் கரையில் எனக்குத் தெரிந்த ஒரே கைப்பம்பு அது. அதிலே ஒரு நல்ல பைன்ற்கூடக் குடிக்காமல் அது போகப் போகிறது. ஐந்து வருடம் இல்லாமல் இருந்தேன். கண்ட பிறகு இல்லாமல் இருக்க நான் ஆயத்தமாக இல்லை.

"பீப்பாவை யார் பார்க்கிறது?" என்று கேட்டேன்.

முதலாளி குசினிக் கதவைத் திறந்து கூப்பிட்டார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் எங்கள் ஆள். நாற்பது வயதிருக்கும், நரைக்கத் தொடங்கிய மீசை. ஊரில் கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்தவர் என்று பிறகு அறிந்தேன். என்னைக் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா… நீங்களோ ஒவ்வொரு கிழமையும் பியரைத் திருப்பி விடுறது?"

"ஓம், நான்தான்."

"நான் யாரோ வெள்ளைக்காரக் கிழவியாக்கும் எண்டு நினைச்சன்."

"கிழவி எண்டதை விடுங்கோ. பீப்பாவை என்ன செய்யிறனீங்கள், தம்பி?"

"ஒரு குறையும் விடுறேல்லை அக்கா. காலமையும் பின்னேரமும் ரெண்டு பக்கமும் பிடிச்சு நல்லாக் கலக்கிவிடுறனான்."

நான் அந்தக் கலங்கல் கிளாஸைப் பார்த்து மெல்லத் தலையாட்டினேன். அவர் அதைப் பாராட்டென்று எடுத்திருக்க வேண்டும்.

"கலக்காட்டி அடியிலை மண்டி தங்கிப்போகுமெல்லே! கூழைக் கலக்காமல் வாத்தால் என்ன நடக்கும்? முதல் ஆளுக்குத் தண்ணி, கடைசி ஆளுக்கு மண்டி. சத்து முழுக்க அடியிலைதானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. ஒரு யாழ்ப்பாணத்தவர் மனச்சாட்சியோடு எங்கள் மீன் கூழ் காய்ச்சும் முறையில் ஆங்கிலேய பியரைப் பராமரித்திருக்கிறார். ஒருவருக்கும் குறையக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் கெடுத்திருக்கிறார்.

"இது கூழ் இல்லை. மண்டி அடியிலைதான் கிடக்க வேணும். அதைப் படிய வைக்கத்தான் மீன்ரை காத்துப்பையிலை இருந்து எடுத்த பசையைப் பீப்பாவுக்குள்ளை விடுறவை."

"மீனோ?" என்றார். "இதுக்குள்ளையும் மீனோ? பிறகென்னக்கா, கூழ்தானே!"

அடுத்த பீப்பா புதன்கிழமை வரும் என்றார்கள். மரக்கட்டையில் ஏற்றி வைத்தபின் அதைத் தொடக் கூடாது, இடிக்கக் கூடாது, பக்கத்தில் உருளைக்கிழங்கு மூட்டையைப் போடக் கூடாது, வெள்ளி பின்னேரம்வரை ஒருவரும் வார்க்கக் கூடாது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்தார். முதலாளியிடம் ஒன்று கேட்டேன்: அந்தப் புதுப் பீப்பா அடுத்த திங்கட்கிழமைக்குள் முடிந்தால் பம்பு நிற்குமா?

"முடிந்தால் நிற்கட்டும்," என்றார். "முடியாது. செவ்வாய் காலை பம்பைக் கழற்றக் குழாய்க்காரன் வருகிறான்."

ஒரு பீப்பா எழுபத்திரண்டு பைன்ற். அடி மண்டியைக் கழித்தால் அறுபத்தெட்டு என்று நாட்குறிப்பில் எழுதினேன். அதில் நான் எத்தனையைக் குடிக்கலாம் என்பதையும் எழுதினேன்: நாளுக்கு ஒன்று. மருந்தானாலும் அளவு அளவுதான்.

என்னோடு வேலை செய்த தாதிமாரில் இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் படித்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் சொன்னேன். ஒளித்துச் சொல்லவில்லை, சாப்பாட்டு அறையில், எங்கள் தமிழ்ப் பெண்கள் இருவர் இருக்கும்போதே, சத்தமாகச் சொன்னேன். அன்று பின்னேரம் ஆறு மணிக்கே அஜின்கோர்ட்டில் இருந்து மச்சாளின் தொலைபேசி வந்தது. மச்சாள் என் கணவரின் அக்கா. எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான்.

"என்ன மச்சாள், நீங்கள் பப்புக்கு ஆள் சேர்க்கிறதாக் கேள்விப்பட்டன்."

"சரியாத்தான் கேள்விப்பட்டிருக்கிறியள்."

"லண்டனிலை எப்பிடியும் இருந்திருக்கலாம். இஞ்சை எங்கடை சனம் இருக்குது."

"நான் லண்டனிலை இருக்கேல்லை."

"எல்லாம் ஒண்டுதானே. அதுவும் பியர் கைக்குமாம். கைக்கிறதை ஆரும் காசு குடுத்துக் குடிப்பினமோ?"

"போன கிழமை உங்கடை வீட்டிலை பாவக்காய்க் கறி சாப்பிட்டனான் மச்சாள். வாங்கேக்கை கடைக்காரன் சும்மாவோ தந்தவன்?"

அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் போனேன். சமையல்காரத் தம்பி குசினியை விட்டு வந்து நின்றார். முதலாளி பம்பை இழுத்தார். நான் கிளாஸை யன்னலுக்குக் கொண்டு போனேன். தேயிலைச் சாயத்தின் நிறம். அதற்குள்ளாகத் தரிப்பிடம் தெரிந்தது, தோய்க்கும் கடையின் பலகை தெரிந்தது, எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது, எங்கள் காரும் அதற்குள் பேப்பர் விரித்த என் கணவரும் இடம் வலம் மாறித் தெரிந்தார்கள்.

குடித்தேன். முதலில் ஒன்றும் இல்லாதது போல ஒரு மென்மை. பிறகு கொஞ்சம் மா, கொஞ்சம் காய்ந்த புல். விழுங்கிய பிறகுதான் கைப்பு வந்தது. வந்து போகாமல் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் பிற்றர் அல்ல இது. அதைவிட ஒரு பிடி மெல்லியது. ஆனால் ஒழுங்காக வைத்திருந்த பைன்ற். கண்ணீர் வந்ததா என்று கேட்பவர்களுக்கு: வரவில்லை. இன்னும் ஒன்று குடிக்கலாமா என்றுதான் யோசித்தேன். அளவை நினைத்து விட்டுவிட்டேன்.

"என்னக்கா?" என்றார் தம்பி.

"பாருங்கோ." கிளாஸை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"ஐயோ," என்றார். "எவ்வளவு பியரை நான் பழுதாக்கிப்போட்டன்!"

வெள்ளியும் சனியும் தாதிமார் வந்தார்கள். கிளாஸ்கோவில் பிறந்த ஓர் எக்ஸ்றே உதவியாளர் மூன்று நண்பர்களோடு வந்து, பக்கத்து மேசைக்காரரையும் குடிக்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது, நான்கு பேர்தான். திங்கள் பின்னேரம் ஐந்து மணிக்கு முதலாளி நிலவறைக்குப் போய்க் குச்சி விட்டு அளந்து வந்து, இரண்டு விரலைக் காட்டினார். மண்டிக்கு மேலே இரண்டு பைன்ற். மேசைகள் வெறுமையாக இருந்தன.

நான் என்னுடையதை வாங்கினேன். மற்றதுக்கு ஆள் இல்லை. என் அளவு ஒன்று. அதை உடைத்திருப்பேன், பம்புக்காக உடைத்திருப்பேன். எழும்பப் போன நேரம் கதவு திறந்தது. என் கணவர், பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"வெளியிலை சரியான குளிர்," என்றார்.

"கார் ஹீற்றருக்கு என்ன?"

"அது வேலை செய்யுது." சுற்றிப் பார்த்தார். பிறகு யன்னலோரக் கதிரையில், வெளியே போகிற ஒருவருக்கும் தப்பாமல் தெரியும்படி அமர்ந்தார். "முதலாளி ரெண்டு விரல் காட்டினதைக் கண்டனான். அந்த மற்றதைக் கொண்டுவரச் சொல்லும்."

அவர் நான் செய்வது போலவே கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கியது.

"வேப்பம்பட்டைக் குடிநீர். இதுக்கோ நான் ஆறு கிழமை காருக்குள்ளை இருந்தனான்?"

"விருப்பமில்லாட்டி வையுங்கோ."

"வைக்கேலாது. வைச்சால் நாளைக்குக் குழாய்க்காரன் வந்திடுவான்."

ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. கடைசி மிடற்றை அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். முதலாளி பம்பை இழுத்துப் பார்த்தார், காற்றுத்தான் வந்தது. அவர் வாக்குத் தவறவில்லை. பப்பை விற்றுப் போகும்வரை, இரண்டு வருடமும் சில மாதங்களும், அந்தப் பம்பு நின்றது. பீப்பாக்கள் நான்கு நாளில் முடிந்தன, சில வேளை ஐந்தில். கலங்கலாக ஒன்றுகூட வரவில்லை.

செவ்வாய் காலை மச்சாள் எடுத்தார். இந்த முறை குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"மச்சாள், கோயிலாலை வந்த ஆரோ என்ரை தம்பியையும் அந்தப் பப்புக்குள்ளை கண்டவையாம். கையிலை கிளாஸும் இருந்ததாம். நான் நம்பேல்லை."

"நம்புங்கோ. அவைக்குக் கண் நல்லாத் தெரியுது. யன்னலோரம்தான் இருந்தனாங்கள்."

"இனியெண்டாலும் உள்ளுக்குத் தள்ளி இருக்கலாமே?"

"ஏலாது," என்றேன். "உள்ளுக்கு வெளிச்சம் காணாது."