ஏழு பேரின் கல்

ஹேமநாதன் முப்பத்திரண்டு வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அவர் கைபட்டு உடைந்தது ஒரே ஒரு பொருள்தான். அதில் எனக்கும் பங்குண்டு. கோயிலைப் புதுப்பிக்கக் கமிட்டிச் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

எங்கள் தோட்டம் மலேசியாவில் லிங்கி ஆற்றங்கரையில் இருக்கிறது. இக்கரை நெகிரி செம்பிலான், அக்கரை மலாக்கா. பக்கத்து ஊரான லுக்குட்டில் பழைய கோட்டை இருக்கிறது, போய்ப் பார்க்க ஆளும் இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு முனீஸ்வரன் கல். தோட்டம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே படகில் வந்து இறங்கிக் காடு வெட்டிய ஏழு பேர் அதை நட்டார்கள். தங்கள் பெயர்களையும் வருடத்தையும் அதில் வெட்டி வைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஹேமநாதனுடைய பாட்டனின் அப்பா.

இரண்டாயிரத்துப் பதினான்கில் கும்பாபிஷேகம் என்று கிளம்பினோம். தகரக் கொட்டகை போதாதாம், டைல்ஸ் வேண்டுமாம்! கல்லைத் தூக்கும்போது ஹேமநாதன் மாட்டிய சங்கிலி நழுவி, கல் குறுக்கே பிளந்துபோனது. பின்னமானதை வைத்துக் கும்பிடக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுங்கள் என்றார் குருக்கள். ஹேமநாதன் அதைச் சம்பான் படகில் ஏற்றி, சூடம் காட்டி, நடு ஆற்றில் இறக்கிவிட்டு வந்தார். தமிழ்நாட்டிலிருந்து புது முனி கப்பலில் வந்தார். கீழே பளிங்கில் உபயதாரர் பன்னிரண்டு பேர். முதல் பெயர் ஹேமநாதனுடையது. பத்து வருடம் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் நிலம் கைமாறியது. கோயிலை எடுக்கச் சொல்லிப் புது முதலாளி நோட்டீஸ் ஒட்டினார். தோட்டத்துக்கு முந்திய குடியேற்றம் என்று நிரூபித்தால் கோயில் அங்கேயே நிற்கலாம் என்றார்கள் நில அலுவலகத்தில். அங்கிருந்து விசாரிக்க வந்த அதிகாரி ரஷீதா, தமிழ் முஸ்லிம் பெண்.

"பழைய கல்லு எங்கண்ணே?"

வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாகச் சொல்லுங்கள் என்று முதல் நாளே ஹேமநாதனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மனிதர் கேட்டால்தானே.

"நாந்தாம்மா ஆத்துல போட்டேன். ஒடைஞ்சி போச்சி."

"போட்டோ ஏதும்?"

"முனிய போட்டோ பிடிக்கக் கூடாதும்மா. யாரும் பிடிச்சதில்ல."

ஆற்றில் இறங்கித் தேடலாம் என்றால் முதலை. பத்து வருடச் சேறு வேறு. அத்தோடு எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ரஷீதா விடவில்லை.

"அந்தக் காலத்து நில மனுவெல்லாம் பத்திரமா இருக்குண்ணே. கல்லுல இருந்த ஏழு பேரையும் சொல்லுங்க. அஞ்சு பேரு ஒத்துப்போனா போதும்லா, நான் எழுதிடறேன்."

ஹேமநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சடையப்பன். எங்க கொள்ளுத்தாத்தா. அப்புறம் வீரமுத்து." அத்தோடு நின்று என்னைப் பார்த்தார். மூன்றாவது பெயர் எனக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கும்பிட்ட கல். எண்ணெயும் சந்தனமும் அப்பிக் கிடந்த அந்த எழுத்தை நாங்கள் யாரும் துடைத்துப் படித்ததே இல்லை. உபயதாரர் பன்னிரண்டு பேரைக் கேட்டிருந்தால் வீட்டு நம்பரோடு சொல்லியிருப்போம்.

வீடு வீடாக ஓடினேன். கோடி வீட்டு மாரியம்மா, தன் வீட்டுக்காரர் வழியில் பெரியகருப்பன் என்று ஒருவர் இருந்ததாகச் சொன்னாள். மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து அந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

"மூணாச்சு. இன்னும் ரெண்டே ரெண்டு பேருண்ணே," என்றார் ரஷீதா. கெஞ்சுகிற குரல்தான் அது.

"அவங்களத்தாம்மா ஆத்துல போட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு ஹேமநாதன் எல்லோர் முன்னாலும் விம்மி அழுதார். தோளைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

ரஷீதா மூன்று பெயர்களையும் எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வருகிற மாதம் எட்டாம் தேதி இடிக்க வருகிறார்கள்.