ஒன்று வலது ஓரம்

பிறர் குற்றத்தை மன்னிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சொல்கிறேன். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தால் எதிரே அவர் நிற்கிறார். எங்கள் தென்காசி சர்ச்சின் பாடகர் குழுவை நடத்தும் அண்ணாச்சி. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, எனக்கு நாற்பத்தாறு. வயதானவர்தானே, விட்டுத்தள்ளு என்கிறார்கள் வீட்டில். அவரை மட்டும் நான் விடுவதாக இல்லை.

எல்லாம் ஒரு வைப்ரஃபோனால் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் சர்ச்சுக்கு அனுப்பி வைத்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை மாதிரி இருக்கும். மேலே வரிசையாக உலோகப் பட்டைகள், கீழே குழாய்கள், காலுக்கு ஒரு பெடல். தலையில் நூல் சுற்றிய குச்சிகளால் அடிக்க வேண்டும். அண்ணாச்சி அப்போது கைக்கு ஒரு குச்சி வைத்துத்தான் வாசிப்பார். கைக்கு இரண்டாக நாலு குச்சி பிடிக்க எங்கள் சர்ச்சில் முதலில் பழகியது நான்தான்.

எனக்கு கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. மத்தியானம் கூட்டம் குறைந்ததும் செல்போனை மெஷின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ பார்ப்பேன். பேப்பர் கட்டுகளை வரிசையாக அடுக்கி அவற்றின்மேல் தட்டிப் பழகுவேன். வக்கீல் குமாஸ்தாக்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று தட்டினேன்.

அந்தப் பழக்கத்தில் ஒரு தப்பு நடந்தது. நாலு குச்சிக்கும் எண் உண்டு. வாசிப்பவரின் இடது ஓரக் குச்சி ஒன்று, அங்கிருந்து வலது ஓரம் வரை நாலு. நான் பார்த்த வீடியோக்களில் வாசிப்பவர் என்னைப் பார்த்து நிற்பார். அவருடைய வலது கை எனக்கு இடப்பக்கம் தெரியும். நான் பாட்டுக்கு அந்த ஓரத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டேன். என் கணக்கில் ஒன்று என்பது வலது ஓரம். சொந்தமாக மெட்டு எழுத ஆரம்பித்தபோதும் ஒவ்வொரு சுரத்துக்குக் கீழேயும் அப்படியே தலைகீழாக எண் போட்டேன்.

ஏழு மெட்டு எழுதினேன். அதில் ஒன்றின் பெயர் ‘புளியறை ஏற்றம்’. கேரளாவுக்குப் போகும் லாரி புளியறை மேட்டில் கியர் மாற்றும்போது ஒரு நொடி சத்தம் செத்து, மறுபடி பிடித்துக்கொண்டு ஏறும். அது வர வேண்டுமானால் அடித்த பட்டையை அதே கையின் இன்னொரு குச்சியால் உடனே அமுக்க வேண்டும். அந்த அமுக்கல் படிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

நோட்டை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் வைத்திருந்தார். பிறகு ஒத்திகைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அதை விரித்துப் பிடித்தார்.

“ஏட்டி, கண்ணாடியப் பாத்தா எழுதுன? நம்பர் பூரா தலைகீழாக் கெடக்கு!”

எல்லாரும் சிரித்தார்கள். பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடும் ஆல்டோ வரிசையில் என் பக்கத்தில் நின்றவளும் சிரித்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ‘புளியறை ஏற்றம்’ பக்கத்தின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: இடைநிலை. எண்கள் தலைகீழ். மேடைக்கு ஆகாது.

அடுத்த வாரம் வைப்ரஃபோன்மேல் ஓர் உறை ஏறியது, உறையில் ஒரு பூட்டு தொங்கியது. சாவி அவர் பையில். நான் மறுபடி பேப்பர் கட்டுக்கே போனேன். சிவப்பு மை இருந்த நோட்டைக் கடை மேசை டிராயரில் வைத்தேன். ஆறு வருடம் அது அங்கேயே கிடந்தது.

போன வருடம் குற்றாலச் சீசன் தொடங்கிய சமயம், இலத்தூரில் கீபோர்டு வகுப்பு எடுக்கும் ஒரு பெண் கடைக்கு வந்தாள். சனிக்கிழமைகளில் அண்ணாச்சியிடம் வைப்ரஃபோன் கற்கிறாளாம். கையில் அவர் போட்ட புதுப் புத்தகம். நாலு குச்சி வைப்ரஃபோன் மெட்டுகள், இடைநிலை மற்றும் மேல்நிலை மாணவர்களுக்கு. எழுதியவர் என்று அவர் பெயரும் படமும் இருந்தன.

“கடைசி மெட்ட மட்டும் பெருசாக்கித் தாங்கக்கா. எப்படி வாசிச்சாலும் கை ரெண்டும் பின்னிக்கிடுது.”

பக்கத்தை மெஷின் கண்ணாடியில் கவிழ்க்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மேல்நிலைப் பகுதி, ‘மலைச் சாரல்’ என்று தலைப்பு. கீழே என் லாரி ஏறிக்கொண்டிருந்தது. சுரம் பிசகவில்லை. எண்ணும் பிசகவில்லை, ஒன்று வலது ஓரம். நோட்டு அவரிடம் இருந்த இரண்டு மாதத்தில் படம் எடுத்து வைத்து, அப்படியே அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். ஒரு தடவையாவது வாசித்துப் பார்த்திருந்தால் கை பின்னியிருக்கும், திருத்தியிருப்பார். அன்றைக்கு அத்தனை பேரைச் சிரிக்க வைத்த தப்பை மறந்தே போயிருக்கிறார்.

ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிடமே சிரிப்பும் வந்தது. அவருக்குத் திருப்பிக் கொடுக்க ஆறு வருடமாக நான் யோசித்தும் கிடைக்காத வழியை அவரே அச்சடித்து அனுப்பியிருந்தார். எண்ணை மாற்றிப் பிடி என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“வகுப்புல வச்சே கேளு. எல்லாரும் இருக்கும்போது கேளு” என்றேன்.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் பகல் வகுப்பு. வைப்ரஃபோனை லோடு ஆட்டோவில் தார்ப்பாய் போட்டுக் கொண்டுபோயிருந்தார்கள். நான் கடையை அடைத்துவிட்டு, நோட்டைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வெளியே சாரல். பாதிப் பேர் அருவியில் குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் இடம் பிடித்தேன்.

இலத்தூர்ப் பெண் கேட்டாள். “அது மேல்நிலைம்மா. கை பழகப் பழக வந்துரும்” என்றார் அவர்.

“ஒரு தடவ நீங்க வாசிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி” என்றேன் நான்.

குரலை அடையாளம் கண்டு நிமிர்ந்தார். முகம் வெளுத்தது. ஆனால் இருபது பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். அவர் நாலு குச்சியையும் எடுத்தார். முதல் வரியிலேயே இடது கை வலது கைக்கு மேலே ஏறியது. டக் என்று குச்சியோடு குச்சி மோதியது. எண்ணை விட்டுவிட்டுச் சுரத்தை மட்டும் பார்த்து வாசித்தார். லாரி கியர் மாற்றும் இடத்தில் மறுபடி டக். ஈரக் காற்றில் நூல் நமத்துவிட்டது என்றார். மூன்றாவது முறையும் முயன்றார். அப்போதே நான் எழுந்து போயிருக்கலாம். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றேதான் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு எழுந்து போய் நோட்டை விரித்து ஸ்டாண்டில் வைத்தேன். சிவப்பு எழுத்து முன்வரிசைக்கு நன்றாகத் தெரிந்தது. யார் கையெழுத்து என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, கரும்பலகையில் அதே கையெழுத்து இருந்தது. குச்சிகளுக்காகக் கை நீட்டினேன். கொடுத்தார். வாசித்தேன். லாரி ஒரு இடத்திலும் நிற்காமல் புளியறை மேட்டில் ஏறியது.

டீ நேரத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இந்தத் தடவை ‘ஏட்டி’ இல்லை, ‘அம்மா’.

“அடுத்த பதிப்புல உன் பேரப் போட்டுருதேம்மா. நம்பர மட்டும் திருத்திக் குடுத்துரு.”

“பேரப் போடுங்க. பழைய தலைப்பப் போடுங்க. நம்பரத் தொடாதிய. ஒன்று வலது ஓரம்னு அடியில ஒரு வரி சேத்துருங்க” என்றேன். “அப்புறம், அத மேல்நிலையில வைக்காதிய அண்ணாச்சி. இடைநிலையில வைங்க. நீங்கதான செவப்பு மையில அப்படி எழுதிக் குடுத்திய?”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, சரியென்று தலையை ஆட்டினார்.

புத்தகம் நான் சொன்னபடியே வந்தது. இடைநிலைப் பகுதியில், என் பெயரில். அண்ணாச்சிக்கே வராத இடைநிலை மெட்டு என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். பூட்டைக் கழற்றிவிட்டார்கள், சாவியை யாரும் இப்போது கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சர்ச்சில் ஆள் இருக்காது. அவர் மட்டும் வந்து அதை வாசித்துப் பழகுகிறார். நான் டீ வாங்கப் போகிற சாக்கில் ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். அமுக்கல் இன்னும் படியவில்லை. டக் என்று ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் கடைக்குத் திரும்புகிறேன்.